கனம் கூடக் கூடத் தெளிந்த மெட்டு: லக்கூனா காயிலின் பத்தாவது ஆல்பத்துக்கு வந்த வழி

மெட்டல் இசைக்குழுக்களுக்கு வயது ஏற ஏறச் சத்தம் இறங்கும். இருபதுகளில் தொண்டை கிழிய உறுமியவர்கள் முப்பதைத் தாண்டியதும் நிதானமாகப் பாட ஆரம்பிப்பார்கள். கிட்டார் இருந்த இடத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். பேட்டிகளில் "முதிர்ச்சி" என்ற சொல் அடிக்கடி வரும். பழைய ரசிகர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போவார்கள். மெட்டலில் இருட்டும் சோகமும் கலந்த கிளையான கோதிக் மெட்டலில் இதை எழுதப்படாத சட்டம் என்றே சொல்லலாம். இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த லக்கூனா காயில் அந்தச் சட்டத்தைத் தலைகீழாகக் கடைப்பிடித்திருக்கிறது. ஆரம்பத்தில் மென்மை, நடுவில் அமெரிக்க வானொலிக்கு ஏற்ற மெருகு, நாற்பதைத் தாண்டிய பிறகு உறுமலும் தாழ்ந்த சுருதிக் கிட்டாரும் என்று போயிருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், 'ஸ்லீப்லெஸ் எம்பயர்' வெளிவந்தபோது பாடகி கிறிஸ்டினா ஸ்காபியாவுக்கு வயது 52. பழைய ஆல்பம் ஒன்றின் மறுபதிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இது அவர்களுடைய பத்தாவது ஸ்டுடியோ ஆல்பம். கனமான ஆல்பங்களில் ஒன்று. அதே சமயம் மெட்டுகள் இவ்வளவு தெளிவாகக் காதில் விழும் ஆல்பமும் அவர்களிடம் அதிகம் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக எப்படி நடந்தன என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்றொரு பழைய ஆலை நகரம். அங்கிருந்து வந்த பாரடைஸ் லாஸ்ட் 1991 இல் 'கோதிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. டூம் மெட்டலின் நத்தை நடையும் கனமும் ஒரு பக்கம். எண்பதுகளின் பிரிட்டிஷ் கோதிக் ராக்கில் இருந்த இருட்டும் சோகமும் இன்னொரு பக்கம். அந்தக் கோதிக் ராக்கின் பெரிய பெயர்களில் ஒன்றான தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி உருவான லீட்ஸ், ஹாலிஃபாக்ஸிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரே வட்டாரத்து இரண்டு இசைகள் பத்தாண்டு இடைவெளியில் கைகுலுக்கிக்கொண்டன என்று சொல்லலாம். அந்த ஆல்பத்தில் உறுமலுக்குப் பின்னால் ஒரு பெண் குரலும் வரும். அது முக்கியம். ஏனென்றால் அடுத்து வந்தவர்கள் அந்தச் சின்ன யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். நார்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து தியேட்டர் ஆஃப் டிராஜெடி 1995 இல் தன் முதல் ஆல்பத்தோடு வந்தது. ஆண் உறுமுவார், பெண் தேவாலயத்தில் பாடுவதுபோல் பாடுவார். இதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'அழகியும் மிருகமும்' பாணி. அதே ஆண்டில் நெதர்லாந்தின் தி கேதரிங், 'மாண்டிலியான்' ஆல்பத்தில் மிருகத்தை வெளியே அனுப்பிவிட்டு அன்னேகே வான் கீர்ஸ்பெர்கன் என்ற இளம்பெண்ணின் குரலை மட்டும் முன்னிறுத்தியது.

அப்புறம் எல்லோரும் வரிசையாக மெலிந்தார்கள். தி கேதரிங் 1998 இல் விண்வெளியில் மிதப்பதுபோன்ற ஓர் இரட்டை ஆல்பத்துக்குப் போனது. பாரடைஸ் லாஸ்ட் 1999 இல் 'ஹோஸ்ட்' என்ற மின்னணுப் பாப் ஆல்பம் போட்டது. தியேட்டர் ஆஃப் டிராஜெடி 2000 இல் நடனக்கூட இசைக்கே தாவியது. இதைத் துரோகம் என்று திட்டியவர்கள் அப்போது நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவான, கனமான கிட்டார் சொற்றொடர்களில் சொல்ல முடிந்ததை ஏழெட்டு ஆண்டுகளில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். இசைக்கலைஞனுக்கு அலுப்பு வருவது குற்றமா என்ன?

லக்கூனா காயில் இந்த அலையின் கடைசிப் பெட்டியில் ஏறியவர்கள். 1994 இல் மிலானில் வேறு பெயரில் தொடங்கி, பிறகு 'எத்தீரியல்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஜெர்மனியின் செஞ்சுரி மீடியா நிறுவனம் ஒப்பந்தம் போட்ட பிறகு அந்தப் பெயரில் கிரீஸில் ஒரு குழு ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. மறுபடியும் பெயர் மாற்றம். ஸ்காபியாவே முதலில் பின்னணிக் குரலுக்காகத்தான் அழைக்கப்பட்டார். முன்னணிப் பாடகர் ஆண்ட்ரியா ஃபெர்ரோ. பேஸ் கிட்டார் வாசித்த மார்கோ கோட்டி ஸெலாட்டி, பெரும்பாலான பாடல்களுக்கு மெட்டமைத்தார். இந்த மூன்று பேரும் இன்றுவரை இருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். போர்ச்சுகலின் கோதிக் மெட்டல் குழுவான மூன்ஸ்பெல்லுடன் போன முதல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே மூன்று பேர் கழன்றுகொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1998 இல் வந்த, சில பாட்டுகளே கொண்ட சிறு வெளியீடும் (EP), 1999 இன் 'இன் எ ரெவரி'யும், 2001 இன் 'அன்லீஷ்ட் மெமரீஸ்'உம் ஒரே கைப்பக்குவத்தில் வந்தவை. தயாரிப்பாளர் வால்டெமர் சோரிக்டா, இடம் ஜெர்மனியின் ஹாகன் நகரத்து வுட்ஹவுஸ் ஸ்டுடியோ. மூன்ஸ்பெல், ஸ்வீடனின் தியாமட், மேலே சொன்ன 'மாண்டிலியான்' என்று தொண்ணூறுகளின் கோதிக் மெட்டல் முக்கியங்களில் பாதி சோரிக்டாவின் கை பட்டவை. ஆகவே மிலான்காரர்களின் ஆரம்ப இசையில் ஹாகன் நகரத்து முத்திரைதான் தூக்கலாகத் தெரியும். நிறுவனம் ஜெர்மனி, ஸ்டுடியோ ஜெர்மனி, பாட்டின் மொழி ஆங்கிலம். 'சென்ஸாஃபினே' என்ற ஒரே ஒரு பாட்டில் தைரியமாக முழுக்க இத்தாலிய மொழியில் பாடினார்கள். ஆங்கிலம் பாடும்போது சில இடங்களில் சொற்கள் தாளத்தில் இடறும். இந்தப் பாட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை.

2002 அக்டோபரில் வந்த 'கோமாலைஸ்' தான் அவர்களுடைய திருப்பம். அப்போதும் அதே சோரிக்டா, அதே செஞ்சுரி மீடியா. மாறியது பாட்டுகளின் கட்டுமானம். முந்தைய ஆல்பங்களில் ஒரு பாட்டு எங்கே போகிறது என்று பாதி வழியில் மறந்துவிடும். அழகான ஒரு பகுதி, அதன்பின் இன்னொரு அழகான பகுதி, இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. 'கோமாலைஸ்' பாடல்களில் பல்லவி எங்கே வரும் என்று முதல் முறை கேட்கும்போதே தெரிந்துவிடுகிறது. அது வரும்வரை காத்திருக்கவும் தோன்றுகிறது. முதல் பாட்டான 'ஸ்வாம்ப்ட்'இல் ஃபெர்ரோவும் ஸ்காபியாவும் வரிகளை மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். 'ஹெவன்ஸ் எ லை'யில் ஸ்காபியாவின் மேல்ஸ்தாயி பாட்டையே தூக்கிக்கொண்டு போகிறது.

இந்த ஆல்பத்தில் ஃபெர்ரோ அனேக இடங்களில் பாடுகிறார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். சற்றே கரகரப்பான, மூக்கடைத்த மாதிரியான குரல். நேர்மையாகச் சொன்னால் அவ்வளவு நல்ல குரல் கிடையாது. ஸ்காபியா பக்கத்தில் நின்றதால் அது இன்னும் சாதாரணமாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சாதாரணத்தனத்துக்கும் ஒரு பயன் இருந்தது. 'அழகியும் மிருகமும்' பாணியில் ஆணும் பெண்ணும் இரண்டு வேறு உலகத்து ஜீவன்கள். இங்கே இரண்டு மனிதர்கள் ஒரே அறையில் நின்று வாக்குவாதம் செய்கிறார்கள். அழகி இருக்கிறாள், மிருகம் இல்லை. பெண்ணின் குரலும் ஓபரா நடையில் எட்டாத உயரத்தில் மிதக்காமல், ராக் பாடகியின் குரலாக முகத்துக்கு நேரே வருகிறது. ஃபின்லாந்தின் நைட்விஷ் அந்தக் காலத்தில் ஓபராப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால், இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

அமெரிக்கா அவர்களைக் கண்டுபிடித்ததற்கு ஒரு காரணம் நேரம். 2003 மார்ச்சில் அமெரிக்க ராக் குழுவான எவனெசென்ஸின் 'ஃபாலன்' வெளியாகி உலகமெங்கும் ஓடியது. கனமான கிட்டாரும் பெண் குரலும் சேர்ந்தால் வானொலியில் ஓடும் என்று அதுவரை நம்பாத நிலையங்களெல்லாம் அதேபோல் இன்னொன்று இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தன. அப்போது கையில் தயாராக இருந்தது 'ஹெவன்ஸ் எ லை'. 2004 இல் ஊர் ஊராகப் போகும் மெட்டல் இசைவிழாவான ஓஸ்ஃபெஸ்ட் சுற்றுப்பயணத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' கணினி விளையாட்டில் 'ஸ்வாம்ப்ட்' இடம்பெற்றது, அந்த விளையாட்டு மூலமாக இந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 2006 இன் 'கார்மகோட்' அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் 28 ஆம் இடத்தில் நுழைந்தது. மிலானிலிருந்து வந்த ஒரு மெட்டல் குழுவுக்கு அது சின்ன விஷயம் கிடையாது. 2007 இல் அமெரிக்க மெட்டல் குழுவான மெகாடெத் தன் பழைய பாட்டு ஒன்றைப் புதிதாகப் பதிவு செய்தபோது கூடப் பாட அழைத்தது ஸ்காபியாவைத்தான்.

வெற்றி கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்வது எல்லோரும் செய்வது. அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த டான் கில்மோரிடம் போனார்கள். 2009 இல் 'ஷாலோ லைஃப்', 2012 இல் 'டார்க் அட்ரினலின்'. 2014 இன் 'புரோக்கன் கிரவுன் ஹேலோ'வுக்கு ஜே பாம்கார்ட்னர். ஒலி பளபளவென்று இருக்கும். பல்லவிகள் கூடப் பாடும்படி இருக்கும். ஆனால் 'ஷாலோ லைஃப்'ஐ முழுதாகக் கேட்டு முடிக்கும்போது இது மிலானிலிருந்து வந்ததா, லாஸ் ஏஞ்சல்ஸில் யாரோ செய்ததா என்று தெரியாது. இருட்டு அலங்காரமாகிவிட்டது. குழுவின் பட்டியலில் என்னை மறுபடி கேட்கத் தூண்டாதது அந்த ஒன்றுதான். 'டார்க் அட்ரினலின்' பரவாயில்லை; 'ட்ரிப் தி டார்க்னெஸ்' நல்ல பாட்டு.

2014 இல் இரண்டு பழைய ஆட்கள், டிரம்ஸ் வாசித்த கிறிஸ்டியானோ மொஸாட்டியும் கிட்டார் வாசித்த கிறிஸ்டியானோ மிக்லியோரேவும், விலகினார்கள். 2016 வாக்கில் இன்னொரு கிட்டார் கலைஞர் மார்கோ பியாஸியும் போனார். இத்தனை ஆண்டுகள் ஓடிய குழுவுக்கு இப்படி ஆகும்போது, ஒன்று கலைந்துவிடும், இல்லையென்றால் வாடகைக்கு ஆள் பிடித்துப் பழைய பாட்டுகளை வாசித்துக் காலம் தள்ளும். இவர்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். பேஸ் வாசிக்கும் கோட்டி ஸெலாட்டி ஸ்டுடியோவில் கிட்டாரையும் கையில் எடுத்துக்கொண்டார். தயாரிப்பும் அவரே. வெளியிலிருந்து ஒருவர் வந்து 'இந்த இடத்தைச் சுருக்கு, அந்த இடத்தை வானொலிக்கு ஏற்றபடி மாற்று' என்று சொல்வது அத்தோடு நின்றது.

அப்படிப் பிறந்ததுதான் 2016 இன் 'டெலிரியம்'. மனநலக் காப்பகம் ஒன்றைக் கருவாகக் கொண்ட ஆல்பம். முதல் பாட்டு 'தி ஹவுஸ் ஆஃப் ஷேம்' ஆரம்பித்ததுமே பழைய ரசிகர்கள் திடுக்கிட்டார்கள்: ஃபெர்ரோ உறுமுகிறார். நாற்பதைத் தாண்டிய பிறகு, பதினெட்டு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்த ஒருவர், தன் வேலையையே மாற்றிக்கொண்டார். மேடையிலும் முகத்துக்கு வெள்ளைச் சாயமும் காப்பக உடையுமாக வந்து நின்றார்கள். அதை நாடகத்தனம் என்று சிரித்தவர்களும் உண்டு. சரி, கோதிக் மெட்டலில் நாடகத்தனம் வேண்டாம் என்றால் வேறென்னதான் மிஞ்சும்?

இந்த உறுமல் மாற்றத்தை 'கனமாகிவிட்டார்கள்' என்ற ஒரே வரியில் எழுதிக் கடந்துவிடுவது வழக்கம். என் கணக்கில் அவர்களுடைய மெட்டுகள் தெளிந்ததற்குக் காரணமே அதுதான். எப்படி என்றால், சிதைவு ஒலியோடு (டிஸ்டார்ஷன், வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலி) வரும் கிட்டார் நிறைய இடம் அடைக்கும். சாதாரணச் சுருதியில் ஆறாவது தந்தியின் அடி ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. தந்தியை இன்னும் தளர்த்தினால் அதற்கும் கீழே போகும். சிதைவு ஒலியால் கிளம்பும் மேல் அதிர்வுகள் நடுப்பகுதி முழுவதையும் நிரப்பிவிடும். சாதாரண ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 100 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் நடமாடுவது. அதாவது கிட்டார் ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும் அதே இடம். ஆகவே ஃபெர்ரோ மெட்டோடு பாடும்போதெல்லாம் ஒன்று அவர் குரல் அமுங்கியது, இல்லையென்றால் கிட்டாரை அடக்க வேண்டியிருந்தது. 'கோமாலைஸ்' காலத்தில் கிட்டாரை அடக்கினார்கள். அமெரிக்க ஆல்பங்களில் குரலை ஒலிக்கலவையில் தூக்கி மெருகு போட்டார்கள்.

உறுமலுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. மெட்டல் பாடகர்கள் உறுமும்போது உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் அதிர்கின்றன. அதிர்வு ஒழுங்கற்றது. அதனால் காதுக்கு 'இது இந்த ஸ்வரம்' என்று தெளிவாகப் படுவதில்லை. கிட்டத்தட்ட ஒரு தாளக்கருவி மாதிரி வேலை செய்கிறது. கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்ந்து அடிக்கிறதே தவிர மெட்டுக்குப் போட்டியாக நிற்பதில்லை. இப்போது மெட்டு முழுவதும் ஒரே ஆளின் பொறுப்பு: ஸ்காபியா. அவர் பாட ஆரம்பிக்கும் இடத்தில் கேட்பவரின் கவனம் சிதற வேறெதுவும் இல்லை. கிட்டாரை எவ்வளவு வேண்டுமானாலும் கீழே இறக்கலாம். மேலே அவருக்கென்று திறந்தவெளி இருக்கிறது. கனமும் மெட்டும் ஒன்றையொன்று தின்னும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு குழு, இரண்டையும் வெவ்வேறு மாடிகளில் குடிவைத்துவிட்டது.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். முன்பு சொன்ன அந்த வாக்குவாதம் குறைந்துவிட்டது. ஃபெர்ரோ உறுமலுக்குப் போனதும், இருபது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் தவிர்த்த 'அழகியும் மிருகமும்' பாணிக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள் என்று ஒருவர் குற்றம் சொன்னால் முழுதாக மறுக்க முடியாது.

2019 இன் 'பிளாக் அனிமா' அதே பாதையில் இன்னும் ஓரடி. இத்தாலிய மொழியும் லத்தீனும் எட்டிப்பார்த்தன. ஆனால் அதைச் சரியாக மேடையேற்றக் காலம் விடவில்லை. 2020 தொடக்கத்தில் ஐரோப்பாவில் கோவிட் முதலில் பலமாகத் தாக்கியது மிலான் இருக்கும் லொம்பார்டி மாநிலத்தைத்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் மிலானின் அல்காட்ராஸ் அரங்கில் பார்வையாளர் யாருமின்றி ஆல்பம் முழுவதையும் வாசித்து இணையத்தில் ஒளிபரப்பினார்கள். பிறகு அது தனி வெளியீடாகவும் வந்தது. கைதட்டல் இல்லாத மெட்டல் கச்சேரியைக் கேட்பது விசித்திரமான அனுபவம். பாட்டு முடிந்ததும் வரும் அமைதி குழுவுக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

அப்புறம் 2022 அக்டோபரில் செய்த காரியம்தான், புதிய ஆல்பத்தைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுவது. 'கோமாலைஸ்' வெளியாகி இருபது ஆண்டு நிறைவு. பெரும்பாலான குழுக்கள் இந்த மாதிரிச் சமயத்தில் பழைய நாடாவைச் சுத்தம் செய்து, அட்டைப் படத்தை மாற்றி, இரண்டு கூடுதல் பாட்டுகளோடு விற்கும். இவர்கள் 13 பாட்டுகளையும் இன்றைய கையால் புதிதாகக் கட்டி 'கோமாலைஸ் எக்ஸ்எக்ஸ்' என்று வெளியிட்டார்கள். ஒரு குழு தன் வளர்ச்சியைத் தானே அளந்து காட்டுவது அபூர்வம். அடுத்த ஆண்டு பாரடைஸ் லாஸ்டும் தன் 1993 ஆல்பம் 'ஐகான்'ஐ மறுபதிவு செய்தது. அது கிட்டத்தட்ட பழையதன் அச்சு. லக்கூனா காயில் சுவர்களையே இடித்தார்கள்.

'டைட் ரோப்' பாட்டை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். 2002 இல் ஃபெர்ரோ பாடிய இடங்களில் 2022 இல் உறுமல். கிட்டார் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. 'ஹெவன்ஸ் எ லை'யின் பல்லவி மட்டும் எந்தப் பதிப்பிலும் அசையவில்லை. சுற்றிலும் எல்லாம் மாறியும் அது அப்படியே நிற்கிறது. எல்லாப் பாட்டுக்கும் இந்த வைத்தியம் ஒத்துவரவில்லை என்பதும் உண்மை. பழைய பதிப்பில் சில பாட்டுகளின் உயிரே அவற்றின் மெலிவில்தான் இருந்தது. அவற்றுக்குக் கனத்தை ஏற்றும்போது மூச்சு முட்டுகிறது. ஆனாலும் அந்தப் பயிற்சியில் குழு ஒன்றைக் கண்டுகொண்டது என்று எனக்குப் படுகிறது. தங்களுடைய பழைய பாட்டுகளில் மெட்டுக்கு இடையே இடைவெளி இருந்தது, கார்வை இருந்தது. 'பிளாக் அனிமா'வில் அதை எங்கேயோ தொலைத்திருந்தார்கள்.

'ஸ்லீப்லெஸ் எம்பயர்' அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு எழுதிய ஆல்பமாகவே ஒலிக்கிறது. 11 பாட்டுகள். கைபேசித் திரையை அணைக்காத, தூங்காத ஓர் உலகம்தான் கரு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்கள் இந்த வேகத்தைப் பார்த்து மிரள்வது புதிய விஷயம் இல்லை. வரிகளில் பெரிய தரிசனம் எதுவும் கிடையாது. இசையில்தான் விஷயம். முதல் பாட்டு 'தி சீஜ்' இந்தக் குழு இப்போது என்ன செய்கிறது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. ஃபெர்ரோ முட்டி மோதுகிறார், ஸ்காபியா வந்ததும் கூரை திறக்கிறது. 'ஆக்சிஜன்' சுருக்கமான, கோபமான பாட்டு. ஒரு நொடி வீண் இல்லை. 'கிராவிட்டி'யில் கனமும் மெட்டும் சரியான எடையில் நிற்கின்றன. ஆல்பத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். 'ஐ விஷ் யூ வேர் டெட்' தலைப்பைப் பார்த்தால் பயங்கரமாக இருக்கும், கேட்டால் ஆல்பத்திலேயே பாப் இசைக்கு மிக நெருக்கமான பாட்டு. சாகக்கூடாதா என்று ஒருவரைச் சபிப்பதை இவ்வளவு இனிமையான மெட்டில் பாடுவது விஷமத்தனம்தான். அந்த விஷமம் பழைய 'கோமாலைஸ்'இலேயே உண்டு.

'இன் நோமினே பாட்ரிஸ்' தலைப்பு கத்தோலிக்கப் பூசையில் வரும் லத்தீன் வரி. ஒரு காலத்தில் தாங்கள் இத்தாலியர்கள் என்பதை ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த குழு இது. இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் குழந்தையிலிருந்து காதில் விழுந்த மொழியைத் தலைப்பிலேயே வைக்கிறார்கள். கோதிக் மெட்டல் முழுக்கச் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வெளியிலிருந்து வாங்கிவந்த அலங்காரம். மிலான்காரர்களுக்கு அது தெருமுனையில் இருக்கும் பொருள். இதை இத்தனை காலம் பயன்படுத்தாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

'ஸ்லீப் பராலிசிஸ்' தனியாகச் சொல்ல வேண்டிய பாட்டு. இங்கே ஸ்காபியா தன் வழக்கமான மேல்ஸ்தாயிக்கு உடனே தாவாமல், கீழ்க்குரலில் நிதானமாக ஆரம்பிக்கிறார். இருபது ஆண்டுகளில் அவர் குரல் மாறியதா என்று கேட்டால், உயரம் அப்படியே இருக்கிறது, அடிப்பகுதிதான் தடித்திருக்கிறது. அந்தத் தடிமனை நம்பி அவர் அதிக நேரம் அங்கேயே நிற்கும் பாட்டுகள் இந்தக் குழுவிடம் இன்னும் வேண்டும். பாட்டு நகர்வதே தெரியாமல் நகர்ந்து பெரிதாகிறது. பல்லவியை நாற்பதாவது நொடியில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்த காலத்தில் இப்படி ஒரு பாட்டு வந்திருக்காது.

குறைகளும் உண்டு. விருந்தாளிகள் இரண்டு பேர்: லேம்ப் ஆஃப் காட் குழுவின் ராண்டி பிளைத் 'ஹோஸ்டிங் தி ஷேடோ'விலும், நியூ இயர்ஸ் டே குழுவின் ஆஷ் காஸ்டெல்லோ 'இன் தி மீன் டைம்'இலும் வருகிறார்கள். பிளைத் அமெரிக்க மெட்டலின் தலைசிறந்த தொண்டைகளில் ஒருவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபெர்ரோ இப்போது நன்றாக உறுமுகிறார். பக்கத்தில் இன்னோர் உறுமல் எதற்கு? இரண்டு பாட்டிலும் விருந்தாளி இல்லாவிட்டால் என்ன குறைந்திருக்கும் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அடுத்தது, உறுமும் சரணம், பாடும் பல்லவி என்ற அமைப்பு நான்கைந்து பாட்டுகளில் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. மாடி பிரித்துக் குடிவைத்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். மாடிப்படியில் யாரும் சந்தித்துக்கொள்வதே இல்லை என்பதுதான் வருத்தம். ஃபெர்ரோ ஒன்றிரண்டு இடத்தில் தன் பழைய மூக்கடைத்த குரலை எடுத்து ஸ்காபியாவோடு சண்டை போட்டிருந்தால் இந்த ஆல்பம் இன்னொரு தளத்துக்குப் போயிருக்கும். உறுமக் கற்றுக்கொண்ட பிறகு அந்தக் குரல் அவரிடம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கும்.

கடைசிப் பாட்டு 'நெவர் டான்' முதலில் 2023 இல் 'ஸோம்பிசைட்' என்ற, நடமாடும் பிணங்களோடு மோதும் பலகை விளையாட்டின் புதிய பதிப்புக்காக வெளியானது. இருபது ஆண்டுகளுக்கு முன் ரத்தக்காட்டேரி விளையாட்டு, இப்போது பிண விளையாட்டு. ஆல்பத்தின் கருவோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. ஆனால் விடியாத இரவு என்ற தலைப்பு தூங்காத பேரரசுக்குப் பொருந்திப்போகிறது.

2024 இல் கிட்டார் வாசித்த டியேகோ கவல்லொட்டியும் விலகினார். அந்த இடத்துக்கு டானியேலே சலோமொனே வந்திருக்கிறார். டிரம்ஸில் 2019 இலிருந்து ரிச்சர்டு மெய்ஸ். மற்றபடி நடுவில் அதே மூன்று பேர். இந்தக் குழுவை இதுவரை கேட்காதவர்கள் ஆல்பங்களை வரிசையாகக் கேட்கத் தேவையில்லை. 2002 இன் 'ஹெவன்ஸ் எ லை', அதே பாட்டின் 2022 பதிப்பு, 'தி ஹவுஸ் ஆஃப் ஷேம்', பிறகு 'கிராவிட்டி', 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று ஐந்து பாட்டுகள் போதும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்; கைபேசியின் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த கிட்டார் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.